வாசப்படிக்கு எதிரே

எர்ணாவூர் பாலத்திலிருந்து துறைமுக வாசல்வரை
கன்டெய்னர் லாரிகள் நிற்கும் வரிசைக்கு
நான்தான் டீ.
சைக்கிள், ஸ்டீல் கேன், ஹேண்டில்பாரில் பேப்பர் கப்.
ரெண்டு நாள் நின்றுவிட்ட டிரைவர்
என்னிடம் டீ மட்டும் கேட்பதில்லை.
பெண்ணைக் கொடுக்கலாமா, சீட்டை எடுக்கலாமா,
அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இப்போதா ஆடி கழித்தா,
எல்லாம் கேட்பான்.
சில்லறை கேட்டால்தான் பேச்சை நிறுத்துவான்.

கஜபதி எதுவும் கேட்கவில்லை.
செவ்வாய் ராத்திரி
"இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னான்னு கேளு" என்று
சாமி படம் ஆடக் கதவைச் சாத்திவிட்டு
மணலி யார்டில் போய் வண்டியை எடுத்தவன்.
புதன் விடியலில் வரிசை நின்றது.
நின்ற இடத்துக்கு நேர் எதிரே
அவன் வாசப்படி.

வீட்டைவிட்டுப் போகிறவன்
இந்த ஊரில் டிராஃபிக் விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

முதல் நாள் ஜன்னலுக்குத் துண்டு கட்டினான்.
மொட்டை மாடியில் அமுலு துணி உலர்த்தினாள்.
தன் லுங்கியைத் துவைத்திருக்கிறாளா என்று
துண்டை விலக்கிப் பார்த்தான்.
துவைத்திருந்தாள்.
ஆனால் கொடியில் கடைசியாக,
கால்மிதிக்குப் பக்கத்தில்.
"பாத்தியா?" என்றான்.
நான் பார்த்தது லுங்கியைத்தான்.
கோபத்தில் இருக்கிறவனுக்குக்
காற்றில் ஆடும் எதுவும் கடிதம்.

ரெண்டாம் நாள் ஒரு டீக்குக் காசு கொடுத்து
வீட்டைக் காட்டினான்.
"யார் குட்த்தான்னு சொல்லாத."
ரோட்டைக் கடந்தேன்.
அமுலு கப்பை வாங்கிக்கொண்டாள்.
யார் என்று கேட்கவில்லை.
"அங்க சக்கரை போட்டா குட்த்த?"
போட்டேன் என்றேன்.
"ரெண்டு நாளாவா?"
ஏழு டீ என்றேன்.
அவள் முகத்தில் ஏழும் ஒன்றாய்க் கொதித்தன.
"முந்நூத்திப் பத்து இருக்குது அந்தாளுக்கு.
செத்தா என்னைத்தான் சொல்லும் ஊரு."

இதை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பதா?
பன்னிரண்டு வருஷமாய் இந்த ரோட்டில் டீ ஆற்றுகிறவன் நான்.
முதல் வரியைச் சொன்னேன்,
ரெண்டாவதை வடிகட்டினேன்.
கஜபதி கையிலிருந்த டீயையே பார்த்தான்.
டயரில் ஊற்றினான்.
"ஏன்டா கய்தே, உன்னை யார்றா சக்கரை போடச் சொன்னது?"
புருஷன் பெண்டாட்டி நடுவில் நடக்கிறவனுக்கு
இவ்வளவுதான் கூலி.
கொட்டின டீக்கும் காசு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி மத்தியானம் வரிசை நகர்ந்தது.
நகர்ந்தால் நகர்ந்ததுதான், பின்னால் நூறு ஹாரன்.
மாடியைப் பார்த்துக்கொண்டே கியர் போட்டான்.
அமுலு கீழே இறங்கி வந்தபோது
அந்த இடத்தில் ஒரு நாமக்கல் வண்டி.
அவள் கையில் தூக்கு. கேழ்வரகுக் கூழ், நெத்திலிக் கருவாடு.
கேரியரில் உட்காரச் சொன்னேன்.
கேனை மடியில் வாங்கிக்கொண்டாள்.
"சுடுது" என்றாள்.
இறக்கி வைக்கவில்லை.

லாரி லாரியாய் முதுகைப் படித்துக்கொண்டே வந்தாள்.
'தொடர்ந்து வா, தொடாதே' வந்ததும் சிரித்துவிட்டாள்.
"பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கினவன் எழுதிக்கிறான்."
முப்பத்தெட்டு லாரி.
எதிரே உப்புக் காற்று. எனக்கு மூச்சு வாங்கியது.

கஜபதி மேலே கேபினில்.
மூன்று நாளாய் எதையோ பேசிப் பழகியிருப்பான்,
உதடு அப்படித்தான் அசைந்தது.
வாயில் வந்தது இது:
"மோட்டார் ஆஃப் பண்ணியா?"
"பண்லன்னா? நீ வந்து பண்ணுவியா?"

அவன் இறங்கவில்லை.
அவள் கொஞ்சம் நின்றாள்.
சபதம் வாசப்படிக்குத்தானே, லாரிப் படிக்கு இல்லையே,
ஏறினாள்.

கதவு முழுக்கச் சாத்துவதற்குள்
உள்ளே சண்டை ஆரம்பித்துவிட்டது,
கருவாட்டில் உப்பைப் பற்றி,
வாய் நிறையக் கூழோடு.

அன்றிலிருந்து எல்லா வண்டியிலும் கேட்கிறேன்:
"அண்ணே, சக்கரை போடலாமா?"
சிலபேர் சிரிக்கிறார்கள்.
சிலபேர் உடனே சொல்வதில்லை,
வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதுபோல்
கடல் பக்கம் பார்க்கிறார்கள்.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது.